தானே இரையிடும் கருவியும் சூளைப் பள்ளத்து மீன்களும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் கருத்தரங்கில், நம் சங்கத்தின் உறுப்பினரும் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியருமான ஒருவர் ஆற்றிய உரை)



மீனைக் கொடியில் பொறித்த பாண்டியரின் தலைநகர் நம் மதுரை. மீனின் பெயரைத் தன் பெயரிலே தாங்கிய அம்மையின் கோயில் நகரின் நடுவே நிற்கின்றது. ஆயினும் அக்கோயிலின் பொற்றாமரைக் குளத்தில் மீன் வாழ்வதில்லை என்பது திருவிளையாடற் புராணம் கூறும் கதை. நாரை ஒன்று கேட்டுப் பெற்ற வரம் அது என்பர். அந்தக் குளத்தின் படிகளில் நம்மவர் கால் பதித்தது 1939ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் நடந்த ஆலயப் பிரவேசத்துக்குப் பின்னர்தான். அதனைப் பற்றி இம்மேடையில் நேற்றே சிறப்பாகப் பேசினார்கள். நான் பேச வந்தது மீன் வாழ்ந்து, மீன் செத்து, மறுபடியும் மீன் வாழ்கின்ற வேறொரு பள்ளத்தைப் பற்றி.

சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் ஒன்று வந்தது. நம் சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து கடனாகப் பணம் கொடுத்து, மீன் வளர்க்கும் நம் இளைஞர் குழுக்கள் மூன்றுக்குத் தானே இரையிடும் கருவி வாங்கித் தரலாம் என்பது அத்தீர்மானம். கருத்து வேறுபாட்டால் அது ஒத்திவைக்கப்பட்டது. இக்கருவி ஒன்றோடு நேரடியாகப் பழகியவன், அதனால் பட்டவனும் கூட, என்ற முறையில் என் கருத்தைக் கூறுமாறு செயலாளர் பணித்தார். வரலாற்றுப் பாடத்தில் பி.ஏ. பட்டம் பெற்று, பின்னர் பி.எட். முடித்தவன் நான். மீனைத் தட்டில் அறிவேனே தவிர நீரில் அறியேன் என்றிருந்தவன். ஆகவே, பிழை இருப்பின் பொறுத்தருள்க.

எங்கள் ஊர்ப் புறத்தே செங்கற்சூளைக்கு மண் எடுத்த பள்ளம் ஒன்று உண்டு. பரப்பு ஐம்பது சென்ட். அந்தச் சூளையில் கல் அறுத்தவர்கள் நம் தெருவினர். சூளை நின்ற பின்னர் பள்ளம் மட்டும் மிஞ்சியது. மழைக்காலத்தில் நீர் நிற்கும். சித்திரை, வைகாசி வரை மூன்றடியாவது கிடக்கும். என் முன்னாள் மாணவர்கள் ஐவர் உரிமையாளரிடம் பேசி, அதை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தனர். ஐப்பசியில் ஆயிரம் மீன் குஞ்சு விட்டனர். கட்லா 400, ரோகு 300, மிர்கால் 300.

இம்மூன்றும் கங்கைச் சமவெளியின் ஆறுகளுக்கு உரிய மீன்கள். கட்லா நீரின் மேல்மட்டத்தில் மேயும், ரோகு இடைமட்டத்தில், மிர்கால் அடித்தரையில். ஒன்றின் வாய்க்கு உரியதை மற்றொன்று பறிக்காது. இவற்றைக் குளத்தில் அடைத்தால் வளருமே தவிர இனம் பெருக்கா. ஓடும் வெள்ளம் வேண்டும். ஆகையால் ஒரு காலத்தில் வெள்ளக்காலத்து ஆற்றில் குஞ்சு அரித்துத்தான் ஊர் ஊராக அனுப்பினார்கள். 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஹிராலால் சௌத்ரி, அலிகுன்ஹி என்னும் இரு அறிஞர்கள் ஒடிசாவில், மீனின் மூளையடிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகச் செலுத்தி முட்டையிடச் செய்து காட்டினர். அந்த நாளையே இன்று மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகின்றனர். நம் ஐவரும் வைகை அணை மீன் பண்ணைக்குப் போய் நெகிழிப் பையில் குஞ்சு வாங்கிவர முடிந்தது அந்த ஊசியின் பயனே. வைகை அணை 1959இல் திறக்கப்பட்டபோது மாநிலத்தின் பொதுப்பணித் துறை அமைச்சராக இருந்தவர் மேலூர் வட்டம் தும்பைப்பட்டியில் பிறந்த நம் கக்கன் அவர்கள் என்பதை இளையோர் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இடையே சொல்லி வைக்கின்றேன்.

குஞ்சு விட்டாயிற்று. அதற்கு இரை யார் போடுவது? இங்கேதான் என் பள்ளியின் வருகைப் பதிவேடு இக்கதைக்குள் நுழைகின்றது.

ஐவரில் ஒருவர் மாட்டுத்தாவணிக் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்குபவர். பின்னிரவில் போனால் முற்பகலில் திரும்புவார். மற்ற நால்வரில் இருவர் கட்டட வேலை, ஒருவர் ஓட்டுநர், ஒருவர் நகரத்தில் கடை ஊழியர். விடிந்தால் ஊரில் ஆள் இல்லை. மூட்டை இறக்குபவரின் மகள் என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. காலை இரையும் மாலை இரையும் அவள் பொறுப்பாயின. தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் கலந்து, முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் உருண்டை பிடித்துத் தட்டுகளில் வைத்து நீருக்குள் இறக்க வேண்டும். வெயில் ஏறிய பின்னரே இரையிட வேண்டும் என்பது மீன்துறையார் சொன்ன முறை. வெயில் ஏறும்வரை காத்திருந்து, வைத்துவிட்டு, குளித்துக் கிளம்பினால் முதல் இரண்டு பாடவேளை போய்விடும். மாலையில் கடைசிப் பாடவேளையும் போய்விடும். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே பாதி நாள் குறிகள் வரிசையாக விழுந்தன. அவள் தவறவிட்ட முதற் பாடவேளை கணக்கு.

தகப்பனாரை அழைத்துப் பேசினேன். அவர் சொன்னது எனக்கு விடை சொல்ல இயலாததாக இருந்தது. "சார், மீனு வித்தாத்தான் அவளைப் பதினொன்னாவது சேர்க்க முடியும். மீனுக்கு அவ போடலைன்னா யாரு போடுறது?" படிப்புக்காக மீன், மீனுக்காகப் படிப்பு நிற்கின்றது. இந்த முடிச்சை அவிழ்க்க வழி தேடியபோதுதான் கருவியைப் பற்றி நான் கேள்வியுற்றேன். வாங்கச் சொல்லி முதலில் வற்புறுத்தியவன் நானே என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்கின்றேன்.

அக்கருவி எளிய அமைப்புடையது. மேலே தீவனம் கொட்டும் பீப்பாய்; அடியில் சிறு மோட்டார் ஒன்று சுழற்றும் தட்டு; தட்டில் விழும் தீவனம் வட்டமாக வீசியடிக்கப்படும். நேரங்காட்டி ஒன்று இருக்கும். எத்தனை மணிக்கு, எத்தனை நொடி சுழல வேண்டும் என்று அதில் குறித்துவிட்டால் அவ்வளவே. மின்கலமும் சூரியத் தகடும் உண்டு. இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் இறால் பண்ணை ஒன்றில் பயன்படுத்திக் கழித்த கருவி எட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. ஐவரும் பங்கிட்டுப் போட்டனர். நானும் ஆயிரம் கொடுத்தேன்.

கருவிக்கு எதிராகப் பேசுவோர் சிலர், அது சோம்பேறிகளுக்கு உரியது என்றனர். அது அறியாமை. கெண்டை இன மீன்களுக்கு இரைப்பை என்ற உறுப்பே கிடையாது. நீண்ட குடல் மட்டுமே. நாம் சோற்றை வயிற்றில் நிரப்பி வைத்துக்கொள்வதுபோல் அவற்றால் வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே ஒரே வேளையில் குவித்துக் கொட்டுவதைவிடச் சிறுகச் சிறுகப் பல வேளையாக இடுவதே அவற்றின் உடலுக்குப் பொருந்தும். மனிதனால் நாளைக்கு இரு வேளை போக முடியும். கருவி ஆறு வேளை போடும். நார்வே நாட்டில் கடலில் சால்மன் வளர்ப்போர் காற்றழுத்தக் குழாய் வழியே தீவனத்தை அனுப்பி, நீருக்குள் படக்கருவி வைத்து மீன் தின்பதைக் கரையிலிருந்தே பார்க்கின்றனர். இறால் குளங்களில், நீருக்குள் ஒலிவாங்கி வைத்து, இறால் இரையைக் கடிக்கும் ஓசையைக் கேட்டு, ஓசை குறைந்தால் தீவனத்தை நிறுத்தும் கருவிகளும் வந்துவிட்டன. இவை யாவும் உண்மை. இவற்றையெல்லாம் படித்துவிட்டுத்தான் நானும் மயங்கினேன். அந்நாட்டுக் கருவிக்குக் கண்ணும் காதும் இருந்தன. நாங்கள் வாங்கியதற்குக் கடிகாரம் மட்டுமே இருந்தது என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் இடர்ப்பாடு முதல் வாரத்திலேயே தெரிந்தது. தவிடும் பிண்ணாக்கும் அதில் ஓடா. ஈரமாயின் அடைக்கும்; உலர்ந்ததாயின் காற்றில் பறக்கும். கடையில் விற்கும் உருண்டைத் தீவனந்தான் வேண்டும். அதன் விலை அதிகம். மீன் வளர்ப்பில் ஆகும் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகும் என்பது எல்லாரும் அறிந்த கணக்கு. அந்தப் பாதியைக் கருவி இன்னும் பெருக்கிவிட்டது. கருவியின் விலையை எண்ணினோமே அல்லாது கருவி கேட்கும் தீனியின் விலையை எண்ணவில்லை. கடன் கொடுக்கப் போகும் சங்கத்தார் இதனைத் தனியே குறித்துக்கொள்ள வேண்டுகின்றேன்.

எனினும் ஒரு நன்மை உடனே விளைந்தது. அந்த மாணவி மணியடிக்கும் முன்னரே பள்ளிக்கு வந்தாள். மாசி, பங்குனி இரண்டு மாதமும் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே ஒரு குறிகூட இல்லை. கருவியை நான் எவ்வளவு குறை கூறினாலும் இந்த இரண்டு மாதத்தை அதன் கணக்கில் வரவு வைத்தே பேச வேண்டும்.

சித்திரை வந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் விழா. ஊரே மதுரைக்குப் போயிற்று. ஐவரும் குடும்பத்தோடு போயினர். சிலர் உறவினர் வீட்டில் தங்கி நான்கு நாள் கழித்தே திரும்பினர். கருவிதான் இருக்கின்றதே என்ற துணிவு. பீப்பாயில் நாற்பது கிலோ தீவனம் நிரப்பிவிட்டுப் போனார்கள்.

இரண்டாம் நாள் வானம் மூடியது. மூன்றாம் நாளும் மூட்டமும் தூறலும். கருவி தன் கடமையில் தவறவில்லை. குறித்த மணிக்குக் குறித்த அளவு வீசிக்கொண்டே இருந்தது. ஏழு கிலோவுக்கு மேல் ஒவ்வொரு நாளும் நீரில் விழுந்தது. மீன்கள் தின்னவில்லை.

ஏன் தின்னவில்லை என்பதைப் பின்னர் மீன்துறை அலுவலர் ஒருவர் எங்களுக்கு விளக்கினார். குளத்து நீர் பச்சையாக இருப்பது அதில் மிதக்கும் நுண்பாசியால். பகலில் வெயில் பட்டால் அப்பாசி உயிர்வளியை ஆக்கி நீரில் கரைக்கும். இரவில் ஆக்குவதில்லை, மீனோடு சேர்ந்து அதுவும் உயிர்வளியைச் செலவழிக்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் நீரில் உயிர்வளி மிகக் குறைந்திருக்கும். வெயிலே இல்லாத நாளில் வரவு குறைவு, செலவு அதே. கோடையில் சூடேறிய நீர் இயல்பிலேயே உயிர்வளியைக் குறைவாகத்தான் தாங்கும். மூச்சுக்கே வழியில்லாத மீன் இரை எடுக்காது. எடுக்காத இரை அடியில் கிடந்து அழுகும். அழுகுவதற்கும் உயிர்வளி வேண்டும். ஆக, இருப்பில் இல்லாத சொத்தின் மீது மேலும் மேலும் கடன் எழுதிக்கொண்டிருந்தது எங்கள் கருவி. வெறும் மூட்டமாக இருந்திருந்தால் மீன் பிழைத்திருக்கலாம். மூட்டத்தோடு தீவனமும் சேர்ந்தது.

நான்காம் நாள் விடியலில் ஆடு மேய்க்கப் போன மூதாட்டி ஒருவர் கண்டு வந்து சொன்னார். நான் போனபோது மீன்கள் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கரையோரம் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. அடுத்த தோட்டத்துக்காரர் மனமிரங்கித் தம் மோட்டாரைப் போட்டு நீரை மேலிருந்து கொட்டச் செய்தார். சிறுவர்கள் இறங்கி நீரை அடித்துக் கலக்கினர். அதனால் பாதிக்கு மேல் பிழைத்தன. செத்தவற்றை எண்ணினோம், 310. பெரும்பாலும் கட்லா. இன்னும் மூன்று மாதம் இருந்தால் ஒவ்வொன்றும் முக்கால் கிலோ வந்திருக்கும். கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள் சொன்ன சொற்களை இங்கே திரும்பச் சொல்ல மாட்டேன். நம்மவர் ஒரு தொழிலில் இறங்கி நட்டப்பட்டால் அது தொழிலின் நட்டமாகப் பேசப்படுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அந்த மாணவி அன்று மாலை மதுரையிலிருந்து வந்தாள். பள்ளத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள். "மேகம் போட்டுச்சுன்னா மீனு திங்காது சார். நான் அன்னிக்கெல்லாம் போடவே மாட்டேன். அப்பாகிட்டச் சொல்லியிருக்கேன்." கார்த்திகை மழையில் தட்டை எடுத்துப் பார்த்து, வைத்த உருண்டை வைத்தபடி இருப்பதைக் கண்டு, தானே கற்றுக்கொண்டிருக்கின்றாள். அவளைக் கேட்காமலே கருவியின் நேரத்தைக் குறித்தவர்கள் நாங்கள் அறுவர். அறுவரில் ஒருவன் தலைமையாசிரியன். ஆண்டு முழுதும் மாணவர்களைப் பார்த்து "உற்றுநோக்குங்கள், குறித்து வையுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருப்பவன். அவள் பிந்தி வந்த நாள்களை எல்லாம் நான் கணக்கெடுத்தேன். அந்நாள்களில் அவள் எங்கே எதைக் கற்றாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதற்காக அவளைப் பள்ளத்துக்கே திருப்பி அனுப்பலாம் என்று எவரும் பொருள் கொள்ள வேண்டா. அந்த அறிவு அவளுக்கு மூன்று பாடவேளை விலையில் கிடைத்தது. அவ்வளவு விலை ஆகாது.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருகின்றேன். ஆந்திரத்தில் கொல்லேறு ஏரிப் பக்கத்திலும் கிருஷ்ணை, கோதாவரிக் கழிமுகங்களிலும் இதே கட்லாவும் ரோகுவும் பல்லாயிரம் ஏக்கரில் வளர்க்கப்படுகின்றன. அங்கே மிகப் பெரும்பாலோர் கையாள்வது மோட்டாரும் இல்லை, மணிக்கணக்கும் இல்லை. எண்ணெய் எடுத்த தவிட்டையும் பிண்ணாக்கையும் சாக்கில் நிரப்பி, சாக்கின் அடிப்பக்கத்தில் வரிசையாகத் துளையிட்டு, குளத்தில் நட்ட மூங்கிலில் கட்டி, நீரில் முங்குமாறு தொங்கவிடுகின்றனர். பசித்த மீன் வந்து துளையில் வாய் வைத்து உறிஞ்சித் தின்னும். பசிக்காத மீன் வராது. மாலையில் சாக்கைத் தூக்கிப் பார்த்தால் எவ்வளவு தின்றது என்பது தெரிந்துவிடும். சாக்கு கனத்தால் மறுநாள் குறைத்துவிடலாம். மேல்நாடுகளில் இதே கருத்தை வேறு வடிவில் செய்தனர். பீப்பாயின் அடியிலிருந்து ஒரு கம்பி நீருக்குள் தொங்கும். மீன் வந்து கம்பியை இடித்தால் சிறிது தீவனம் விழும். இடிக்காவிட்டால் விழாது. மின்சாரமும் வேண்டா. மீனே மணியடித்துச் சோறு கேட்கும் ஏற்பாடு என்று என் மாணவர்களுக்கு விளக்கினேன். சத்துணவுக் கூடத்து மணியை நினைத்துச் சிரித்தார்கள்.

வைகாசி முதல் எங்கள் பள்ளத்தில் ஆந்திரச் சாக்கு முறைக்கு மாறினோம். பழைய உரச் சாக்கைக் கழுவி முதலில் கட்டியவர்களை நான் தடுத்தேன். தவிட்டுச் சாக்கே போதும், உரத்தின் மிச்சம் நீரில் கரைவது நல்லதன்று. எட்டு மூங்கில், எட்டுச் சாக்கு. முதல் மூன்று நாள் மீன் அருகே வரவில்லை. நான்காம் நாள் பழகிவிட்டது. சாக்கை முதல் நாள் மாலையில் நிரப்பித் தயாராக வைத்து, காலையில் வெயில் வந்ததும் கட்டினால் போதும். அந்த வேலையை இப்போது ஆடு மேய்க்கும் அதே மூதாட்டி செய்கின்றார். ஐவரும் அவருக்கு மாதக் கூலி கொடுக்கின்றனர். வானம் மூடினால் கட்டுவதில்லை. கருவியை நாங்கள் விற்றுவிடவில்லை. குஞ்சு விட்ட முதல் இரு மாதத்தில், சாக்கில் உறிஞ்சத் தெரியாத சிறு மீனுக்குப் பொடித் தீவனம் பல வேளை இடுவதற்கு அது உதவக்கூடும் என்று வைத்திருக்கின்றோம்.

தீவனத்தின் அளவு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிழைக்கு அதுவும் காரணம். மீனின் மொத்த எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரை ஒரு நாள் தீவனம் என்பர். குஞ்சுக்கு அதிகம், வளர வளரக் குறைவு. மொத்த எடை எப்படித் தெரியும்? மாதம் ஒரு முறை சோதனை வலை போட்டு, இருபது முப்பது மீனை எடுத்து நிறுத்து, சராசரி கண்டு, இருக்கும் மீன் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். சராசரி 300 கிராம், மீன் 800 என்றால் 240 கிலோ. நூற்றுக்கு மூன்று பங்கு என்றால் 7 கிலோ 200 கிராம். இது ஏழாம் வகுப்புக் கணக்கு. ஆனால் எங்கள் கருவியில் பங்குனியில் குறித்த அளவே சித்திரையிலும் ஓடியது. இடையில் ஒருவரும் நிறுத்துப் பார்க்கவில்லை. இருக்கும் மீன் எத்தனை என்பதும் ஊகமே. இப்போது மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சோதனை வலை. நிறுத்து எழுதும் குறிப்பேடு அந்த மாணவியிடம் உள்ளது. ஞாயிறு என்பதால் பாடவேளை போவதில்லை. பதினைந்து மீன் நிறுத்தால் ஒரு சராசரி, முப்பது நிறுத்தால் வேறொரு சராசரி வருகின்றதே, எது சரி என்று என்னைக் கேட்டாள். கணக்காசிரியரிடம் அனுப்பி வைத்தேன்.

இன்னொரு செய்தியையும் தொடாமல் போக இயலாது. பள்ளமும் பண்ணைக்குட்டையும் நல்லவைதாம். ஆனால் நம் சமவெளியின் மீன் செல்வம் கண்மாய்களில் கிடக்கின்றது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு; பெரியவை பொதுப்பணித் துறை வழி வந்தவை. பசலி ஆண்டுக் கணக்கில் மீன்பாசிக் குத்தகை ஏலம் விடப்படும். மடை திறந்தவர் யார், கரை உடைந்த இரவில் மண் சுமந்தவர் யார் என்று கேட்டால், நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்ற பெயர்களே விடை சொல்லும்; பல ஊர்களில் அவர்கள் நம் மக்கள். ஆனால் ஏலத்தில் கை தூக்கியவர் யார் என்று உங்கள் ஊர்களை நினைத்துப் பாருங்கள். கண்மாய் வற்றும் கோடையில் ஊர்கூடி மீன் பிடிக்கும் நாளில் ஊத்தாவோடு நாமும் இறங்குகின்றோம்; விராலும் கெளுத்தியும் அகப்படும்; அன்றிரவு குழம்பு மணக்கும். அத்தோடு சரி. ஊராட்சித் தலைவர் பதவி நம்மவர்க்கு ஒதுக்கப்பட்டபோது மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று முருகேசனும் உடனிருந்தோரும் வெட்டிக் கொல்லப்பட்டதும், பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 2006 வரை பத்தாண்டு தேர்தலே முறையாக நடவாமற்போனதும் வெறும் நாற்காலிக்காக மட்டும் அல்ல. பொதுச் சொத்து எவர் கையொப்பத்தில் இயங்கும் என்பதும் அதனுள் இருக்கின்றது. அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கிப் பருகியது ஒரு கை நீர். குளத்தில் நீரோடு மீனும் உண்டு.

அரசுத் திட்டங்களில் வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2020இல் தொடங்கிய மீன்வளத் திட்டத்தில் பட்டியல் வகுப்பினர்க்கும் பெண்களுக்கும் செலவில் 60 விழுக்காடு மானியம் என்று வகுக்கப்பட்டது, ஏனையோர்க்கு 40. ஆனால் மானியத்துக்கு மனுச் செய்பவரிடம் நீர்ப்பரப்பின் உரிமை ஆவணமோ குத்தகைப் பத்திரமோ கேட்பார்கள். எங்கள் ஐவரிடம் இருந்தது வாய்ப்பேச்சு மட்டுமே. அவர்கள் பள்ளத்துக்குப் பத்திரம் எழுத உரிமையாளரைச் சம்மதிக்க வைக்க எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. பத்திரம் எழுதி முடித்த அன்று எட்டாயிரம் ரூபாய்க் கருவி வந்த நாளைவிட நான் மகிழ்ந்தேன்.

ஆகவே தீர்மானத்தை நான் எதிர்க்கவில்லை; திருத்தம் கோருகின்றேன். முதல் ஆண்டு மூன்று குழுக்களுக்கும் கருவிக்கென்று பணம் கொடுக்க வேண்டா. குத்தகைப் பத்திரச் செலவு, ஏல முன்பணம், ஒரு சோதனை வலை, ஒரு நிலுவைத் தராசு, மூங்கிலும் சாக்கும், இவற்றுக்குக் கொடுங்கள். காலையில் குளத்தைப் பார்க்கும் பெரியவர் ஒருவருக்குக் கூலி எவ்வளவு என்பதைக் கடன் மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள்; அந்த இடத்தில் பள்ளிப் பிள்ளையின் பெயர் இருந்தால் மனுவைத் திருப்பி அனுப்புங்கள். ஓராண்டு குறிப்பேடு ஒழுங்காக எழுதிய குழு, கருவி வேண்டும் என்று மறு ஆண்டு கேட்டால், கம்பி இடிக்கும் வகையை வாங்கிக் கொடுக்கலாம்; கடிகார வகையைத்தான் வேண்டும் என்றால், மூட்ட நாளில் நிறுத்துபவர் யார் என்று கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். கல்வி நிதியைத் தொழிலுக்குக் கொடுக்கலாமா என்று மூத்தோர் சிலர் தயங்கினார்கள். அத்தயக்கத்தை நான் மதிக்கின்றேன். எங்கள் பள்ளத்தில் எஞ்சிய மீன் ஆவணியில் விற்று, கருவிக் கடனும் தீவனக் கடனும் போக ஐவருக்கும் மிஞ்சியது மிகச் சிறு தொகை. நட்டம் இல்லை என்ற அளவில் நிம்மதி. அந்த மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. பள்ளத்தில் இரண்டாம் முறையாகக் குஞ்சு விட்டிருக்கின்றார்கள்.

வருகின்ற இரண்டாம் ஞாயிறு காலை எட்டு மணிக்கு அங்கே சோதனை வலை. மற்ற இரு குழுவினரும் அன்று நேரில் வந்து பார்த்துவிட்டு, பிறகு பொதுக்குழுவில் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் வேண்டுகோள். ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலிருந்து கிழக்கே சூளை மேட்டு வழியாக வர வேண்டும். வெயிலுக்கு முன்னரே வந்தால் நல்லது. தராசு ஒன்றுதான் உள்ளது, நிறுத்து எழுத நேரம் பிடிக்கும்.